ஒரு தலையின் கணக்கும் ஒரு நாட்டின் கணக்கும்

மிதிவண்டி ஓட்டுபவர்கள் எப்போதும் தலைக்கவசம் அணிய வேண்டுமா என்ற கேள்வி, பொதுச் சுகாதாரத் துறையில் 1980-களின் இறுதியிலிருந்து தொடர்ந்து ஆராயப்பட்டு வந்தும், அறிஞர்களிடையே இன்றுவரை தீராத வழக்காகவே இருந்துவருகிறது. ஏறத்தாழ ஒரே தரவுகளைப் படித்த மருத்துவர்களும் புள்ளியியலாளர்களும் நேரெதிரான முடிவுகளுக்கு வருவதைக் காணும் பொது வாசகர், இவர்களுள் ஒரு சாரார் கணக்கில் பிழை செய்திருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பே. ஆனால் பெரும்பாலான இடங்களில் இரு சாராரின் கணக்கும் சரியாகவே இருக்கிறது. அவர்கள் விடை தேடும் கேள்விகள்தாம் வேறு. கீழே விழும் ஒருவரின் தலையைக் கவசம் காக்குமா என்பது முதல் கேள்வி. அதற்கு இயற்பியலும் மருத்துவமும் சேர்ந்து விடை சொல்லிவிடக்கூடும். எல்லோரும் அணிந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இயற்றினால் ஒரு நாட்டு மக்களின் நலம் கூடுமா என்பது இரண்டாம் கேள்வி. அதில் சாலையமைப்பு, வாகன ஓட்டிகளின் பழக்கம், மக்கள் மிதிவண்டியைக் கைவிடும் வாய்ப்பு, காவல்துறை நடந்துகொள்ளும் முறை ஆகிய அனைத்தும் வந்து கலக்கின்றன. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் இந்த வழக்கின் உண்மை வடிவம் புலப்படும்.

விழும் தலைக்கு நேர்வது

தலைக்கவசத்தை அறிவியல் முறையில் ஆராயும் வழக்கம் மோட்டார் சைக்கிளிலிருந்தே தொடங்கியது. முதல் உலகப் போரின் அரேபியக் களங்களால் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் 1935-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தபோது, அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவராக இருந்தவர் மூளை அறுவை மருத்துவர் ஹியூ கேர்ன்ஸ். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவச் செய்திகளைக் கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்கள் சாலையில் விழுந்து இறப்பது பெருகியதைக் கண்ட அவர், கவசம் அணிந்திருந்தவர்களின் காயங்களை ஆராய்ந்து 1941-இல் வெளியிட்ட கட்டுரை, இத்துறையின் தொடக்கநூலாகக் கருதப்படுகிறது. மிதிவண்டிக்கென்றே உருவான நவீனக் கவசம் வெகு காலம் கழித்து, 1975-இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் வெளியிட்ட மாதிரியோடுதான் பரவலாயிற்று.

அந்தக் கவசத்தின் உயிர்ப்பகுதி, வெளியே தெரியும் வழவழப்பான பிளாஸ்டிக் ஓடு அன்று. அதற்குள் இருக்கும் விரிவூட்டப்பட்ட பாலிஸ்டைரீன் நுரை, அதாவது பேச்சுவழக்கில் தெர்மாக்கோல் எனப்படும் பொருளின் அடர்த்தி மிக்க வகை. அது செய்யும் வேலையை எளிய கணக்கு ஒன்றால் விளங்கிக்கொள்ளலாம். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இருக்கையில் அமர்ந்திருப்பவரின் தலை இருக்கும் உயரத்திலிருந்து, தடையின்றி விழும் பொருள் தரையைத் தொடும்போது நொடிக்கு ஏறத்தாழ 5.4 மீட்டர் வேகத்தை, மணிக்கணக்கில் சொன்னால் 19.5 கிலோமீட்டர் வேகத்தை, அடைந்திருக்கும். அந்த வேகம் முழுவதும் அடங்குவதற்கு எவ்வளவு தொலைவு கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே தலை தாங்க வேண்டிய எதிர்முடுக்கம், அதாவது வேகம் குறையும் வீதம், அமையும். வெறுந்தலை தார்ச்சாலையில் மோதும்போது தோலும் எலும்பும் விட்டுக்கொடுப்பது சில மில்லிமீட்டர் மட்டுமே; அதை 3 மில்லிமீட்டர் என்று கொண்டால், சீராக வேகம் குறைவதாக வைத்துக்கொண்டாலும், எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 500 மடங்காகிவிடும். நுரை நசுங்கி 20 மில்லிமீட்டர் இடம் தந்தால் அதே கணக்கு 75 மடங்காகச் சுருங்குகிறது. உண்மையான மோதலில் வேகம் இவ்வளவு சீராகக் குறைவதில்லை என்பதால் எண்கள் இதைவிடக் கூடுதலாக இருக்கும். எனினும் இரண்டுக்கும் இடையிலுள்ள பெரும் வேறுபாடு மாறுவதில்லை. நசுங்கிய நுரை பழைய நிலைக்கு மீளாது என்பதால்தான், ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதைக் கழித்துவிட வேண்டும் என்கிறார்கள்.

சோதனைக்கூடத்தின் எல்லைகள்

ஐரோப்பாவின் ஈ.என். 1078 என்னும் தரநிலை, மாதிரித் தலையில் கவசத்தைப் பொருத்தி, மேற்சொன்ன நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் தட்டையான இரும்புப் பரப்பின்மேல் மோதச் செய்து, எதிர்முடுக்கம் புவியீர்ப்பின் 250 மடங்கைத் தாண்டக் கூடாது என்று வரையறுக்கிறது. 1999 முதல் அமெரிக்காவில் கட்டாயமாகியுள்ள தரநிலை, வேகத்தை நொடிக்கு 6.2 மீட்டராகவும் வரம்பை 300 மடங்காகவும் கொள்கிறது. இவ்வளவு குறைந்த வேகத்தில் சோதிக்கப்படும் பொருள், அதைவிட வேகமாகச் செல்லும் மிதிவண்டிக்கு எப்படிப் போதும் என்ற ஐயம் அடிக்கடி எழுப்பப்படுகிறது. சமதரையில் சறுக்கி விழுபவரின் தலை தரையை நோக்கி இறங்கும் வேகத்தைத் தீர்மானிப்பது விழும் உயரமே என்பதும், முன்னோக்கிச் செல்லும் வேகத்தின் பெரும்பகுதி தரையோடு உரசிச் செல்வதில் கழிகிறது என்பதும் இந்த ஐயத்துக்கான விடை. சுவரிலோ கம்பத்திலோ எதிரே வரும் காரிலோ தலை நேராக மோதினால் நிலைமை வேறு; வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காவதால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேக மோதலில் நுரை தன் வலிமை முழுவதையும் தொடக்கத்திலேயே இழந்துவிடும்.

ஆனால் உரசிச் செல்லும் அந்த முன்னோக்கு வேகமும் தீங்கற்றது அன்று. அது தலையைத் திருகுகிறது. கேர்ன்ஸுடன் ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய இயற்பியலாளர் ஹோல்போர்ன் 1943-இல், மூளைக்குப் பதிலாக ஜெலட்டின் நிரப்பிய மாதிரிகளைக் கொண்டு, மூளைத் திசு அழுத்தத்தை நன்கு தாங்கினாலும் ஒரு அடுக்கு மற்றோர் அடுக்கின்மேல் நழுவும் சறுக்குத் திரிபைத் தாங்குவதில்லை என்றும், அத்தகைய திரிபை உண்டாக்குவது தலையின் சுழற்சியே என்றும் வாதிட்டார். நீர் நிறைந்த குடத்தைச் சட்டென்று திருப்பினால் குடம் திரும்பிவிட, உள்ளிருக்கும் நீர் பின்தங்குவதைப் போலவே, மண்டையோடு திரும்பும்போது மூளை பின்தங்க, நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. மூளை அதிர்ச்சி எனப்படும் தற்காலிகச் செயல்பாட்டுக் குலைவு முதல், நீங்காத நரம்பிழைச் சேதம் வரை பலவற்றுக்கு இதுவே காரணம் என்று கருதப்படுகிறது. நேர்க்குத்தாக மட்டும் மோதச் செய்யும் மேற்சொன்ன இரு தரநிலைகளும் இதை அளப்பதில்லை. இக்குறையை ஈடுசெய்யவே, கவசத்துக்குள் சில மில்லிமீட்டர் நழுவக்கூடிய மெல்லிய உறை ஒன்றை ஸ்டாக்ஹோம் நகர ஆய்வாளர்கள் வடிவமைத்தார்கள். மிப்ஸ் என்னும் பெயரில் அது இன்று பல நிறுவனங்களின் கவசங்களில் இடம்பெறுகிறது. சாய்வான பரப்பில் மோதச் செய்து கவசங்களைத் தரவரிசைப்படுத்தும் பணியை அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018 முதல் செய்துவருகிறது.

மருத்துவமனைகள் சொல்லும் கணக்கு

சோதனைக்கூடத்தில் காணும் பாதுகாப்பு சாலையிலும் கிடைக்கிறதா என்பதை அறிய, மனிதர்களை இரு கூறாகப் பிரித்து ஒரு கூறுக்குக் கவசம் தந்து விழச் செய்வது இயலாத செயல். ஆகவே ஆய்வாளர்கள் நேர்வு–ஒப்பீட்டு ஆய்வு என்னும் முறையைக் கையாள்கிறார்கள்: ஏற்கெனவே தலையில் காயம்பட்டு வந்தவர்களையும், விபத்துக்குள்ளாகித் தலை தப்பியவர்களையும் எடுத்துக்கொண்டு, இரு குழுக்களிலும் கவசம் அணிந்திருந்தோரின் பங்கை ஒப்பிடுவதே அது. இவ்வகையில் மிகுந்த புகழும் மிகுந்த கண்டனமும் பெற்றது, சியாட்டில் நகரில் ராபர்ட் தாம்சன், ஃபிரெடரிக் ரிவாரா, டயேன் தாம்சன் ஆகியோர் நடத்தி 1989-இல் வெளியிட்ட ஆய்வு. தலைக்காயத்துடன் வந்த 235 பேரில் 7 விழுக்காட்டினரும், வேறு காயங்களுடன் அவசரப் பிரிவுக்கு வந்த 433 பேரில் 24 விழுக்காட்டினரும் கவசம் அணிந்திருந்தார்கள். முதல் குழுவில் அணிந்தோருக்கும் அணியாதோருக்கும் உள்ள விகிதத்தை இரண்டாம் குழுவின் அதே விகிதத்தால் வகுத்தால் கிடைப்பது வாய்ப்பு விகிதம். இங்கே அது ஏறத்தாழ 0.24, அதாவது தலைக்காய வாய்ப்பில் நான்கில் மூன்று பங்கு குறைவு. வயது, பால், வருமானம், கல்வி, ஓட்டும் அனுபவம், விபத்தின் கடுமை ஆகியவற்றுக்குத் திருத்தம் செய்தபின் ஆய்வாளர்கள் அடைந்த முடிவு 85 விழுக்காடு. கவசப் பரப்புரை நடந்த நாடுகளிலெல்லாம் இந்த ஒற்றை எண் முழங்கியது.

இந்த முறையின் பலவீனம், கவசம் அணிவோரும் அணியாதோரும் மற்ற எல்லா வகையிலும் ஒத்தவர்கள் என்று எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. கவசம் அணியும் பழக்கமுள்ளவர், சிவப்பு விளக்குக்கு நிற்பவராகவும், மது அருந்திவிட்டு ஓட்டாதவராகவும், போக்குவரத்து குறைந்த பூங்காப் பாதையில் செல்பவராகவும் இருக்கக்கூடும். அப்படியானால் அவருடைய தலை தப்பியதற்குரிய பெருமையில் ஒரு பகுதி அந்தப் பழக்கங்களைச் சேரும். காரணத்தையும் விளைவையும் ஒருசேரத் தொட்டு நின்று இரண்டுக்கும் உள்ள உறவை மிகைப்படுத்திக் காட்டும் இத்தகைய அம்சத்தைக் குழப்பக் காரணி என்பர். எவ்வளவு திருத்தம் செய்தாலும் அளக்கப்படாத குழப்பக் காரணி எஞ்சியே நிற்கும். 85 விழுக்காடு என்ற எண்ணுக்குப் பின்வந்த ஆய்வுகள் துணை நிற்கவில்லை என்ற முறையீட்டை ஏற்று, அமெரிக்க அரசு நிறுவனங்கள் 2013-இல் அதைத் தம் வெளியீடுகளிலிருந்து விலக்கிக்கொண்டன.

ஆயினும் எண் சிறுத்ததே தவிர, மறையவில்லை. தனித்தனி ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பொது மதிப்பீடு காணும் தொகுப்பாய்வுகள் பல நடந்துள்ளன. நல்ல முடிவு தரும் ஆய்வுகளே அச்சேறும் வாய்ப்பு மிகுதி என்ற வெளியீட்டுச் சாய்வைக் கணக்கில் கொண்டு, நார்வே ஆய்வாளர் ரூன் எல்விக் 2011-இல் முந்தைய மதிப்பீடுகளைக் குறைத்துக் காட்டினார். ஆஸ்திரேலியாவின் ஜேக் ஒலிவியரும் புருடென்ஸ் கிரைட்டனும் 2016-இல், 40 ஆய்வுகளிலிருந்து 64,000-க்கும் மேற்பட்ட காயமுற்றோரின் தரவுகளைத் தொகுத்து, தலைக்காய வாய்ப்பு 51 விழுக்காடும் கடுமையான தலைக்காய வாய்ப்பு 69 விழுக்காடும் குறைவதாகக் கண்டார்கள். கவசம் கழுத்தை முறிக்கும் என்ற அச்சத்துக்கு அத்தரவுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. நார்வேயின் அலேனா ஹோயே 2018-இல் 55 ஆய்வுகளிலிருந்து பெற்ற மதிப்பீடுகள் முறையே 48, 60 விழுக்காடு. ஆய்வுக்கு ஆய்வு எண் மாறினாலும் திசை மாறவில்லை. விபத்து நேர்ந்துவிட்ட நிலையில் தலைக்காய வாய்ப்பைக் கவசம் ஏறத்தாழ பாதியாகக் குறைக்கிறது என்பதே முதல் கேள்விக்கு இன்று தரக்கூடிய நம்பகமான விடை.

விக்டோரியாவின் சோதனை

இரண்டாம் கேள்விக்கான முதல் பெரிய களம் ஆஸ்திரேலியா. அந்நாட்டின் விக்டோரியா மாநிலம் 1990 ஜூலை 1 அன்று, எல்லா வயதினருக்கும் மிதிவண்டிக் கவசத்தைக் கட்டாயமாக்கி உலகுக்கு முன்னோடியாயிற்று. 1992-க்குள் மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. நியூசிலாந்து 1994 ஜனவரி 1 முதல் அதே வழியில் சென்றது. விக்டோரியாவில் அணிவோரின் பங்கு 1990 மார்ச்சில் 31 விழுக்காடாக இருந்து, ஓராண்டில் 75 விழுக்காடாக உயர்ந்தது. தலைக்காயத்தால் இறந்தோர், மருத்துவமனையில் சேர்ந்தோர் ஆகியோரின் காப்பீட்டுக் கோரிக்கைகள் முதலாண்டில் 48 விழுக்காடும் இரண்டாமாண்டில் 70 விழுக்காடும் குறைந்தன. இதைவிடத் தெளிவான வெற்றி இருக்க முடியாது என்று தோன்றும்.

ஆனால் இந்த எண்களைத் தந்த ஆய்வில் மற்றோர் எண்ணும் இருக்கிறது: தலையில் அடிபடாமல் வேறு காயங்களுடன் மருத்துவமனையில் சேர்ந்தோரும் முதலாண்டில் 23 விழுக்காடு, இரண்டாமாண்டில் 28 விழுக்காடு குறைந்தார்கள். தலைக்கவசம் காலையோ விலாவையோ காக்காது. ஆகவே இந்த இரண்டாவது வீழ்ச்சிக்குக் கவசமல்லாத காரணம் ஒன்று இருந்தாக வேண்டும். விக்டோரியாவில் அதே காலத்தில் வேகக் கண்காணிப்புக் கேமராக்களும், குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதற்கு எதிரான தீவிர நடவடிக்கைகளும் நடைமுறைக்கு வந்து, சாலைகள் எல்லோருக்குமே பாதுகாப்பானவை ஆகிக்கொண்டிருந்தன என்பது ஒரு விளக்கம். மிதிவண்டி ஓட்டுவோர் குறைந்துவிட்டார்கள் என்பது மற்றொன்று. மெல்போர்னில் 1990 மே மாதமும் 1991 மே மாதமும் ஒரே இடங்களில் நடந்த கணக்கெடுப்புகளை ஒப்பிட்ட டாரதி ராபின்சன், ஓட்டுவோர் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்ததாகவும், குறைவு பதின்வயதினரிடையே மிகுதி என்றும் சுட்டிக்காட்டினார். பின்வந்த ஆண்டுகளில் பெரியவர்கள் திரும்பி வந்தார்கள் என்றும், சில இடங்களின் கணக்கைக்கொண்டு மாநிலத்தையே அளக்கலாகாது என்றும் மறுதரப்பினர் வாதிடுகிறார்கள்.

இக்குழப்பத்திலிருந்து விடுபட ஒரு வழி, தலைக்காயத்தை மற்றக் காயங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. முதலாண்டில் தலைக்காயக் கோரிக்கைகள் நூற்றுக்கு 52 ஆகவும் மற்றவை 77 ஆகவும் இறங்கினவென்றால், பொதுவான வீழ்ச்சியை நீக்கிய பின் தலைக்கு மட்டும் உரிய குறைவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தில் தலைக்காயங்களைக் கைகால் காயங்களோடு ஒப்பிட்டு 2011-இல் வெளிவந்த ஆய்வும் இதே அளவிலான குறைவையே கண்டது. இது சிறிய பயன் அன்று. ஆனால் முதலாண்டின் 48 என்ற எண்ணுக்கும் இதற்கும் இடையிலுள்ள தொலைவு, சட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த எண்களை வெறுமனே ஒப்பிடுவது எவ்வளவு தவறான நம்பிக்கையைத் தரக்கூடும் என்பதைக் காட்டுகிறது.

கனடா இதைவிடக் கடுமையான பாடம் தருகிறது. அங்கே சில மாகாணங்கள் சட்டம் இயற்றின, சில இயற்றவில்லை. 1994 முதல் 2008 வரை மருத்துவமனையில் சேர்ந்த 66,000-க்கும் மேற்பட்ட மிதிவண்டி ஓட்டுநர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு, சட்டமுள்ள மாகாணங்களில் இளையோரின் தலைக்காய வீதம் 54 விழுக்காடும், சட்டமில்லாதவற்றில் 33 விழுக்காடும் குறைந்திருந்ததைக் கண்டது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே வீதம் இறங்கிக்கொண்டிருந்த போக்கைக் கணக்கில் எடுத்தபோது, சட்டத்தால் மட்டும் விளைந்தது என்று பிரித்துச் சொல்லக்கூடிய பயன் எதுவும் எஞ்சவில்லை. அவ்வாய்வையொட்டிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் தலையங்கம் எழுதிய பென் கோல்டேக்கரும் புள்ளியியலாளர் டேவிட் ஸ்பீகல்ஹால்டரும், தனிமனிதருக்குக் கிடைக்கும் பயனையும் மக்கள்தொகை முழுவதற்கும் கிடைக்கும் பயனையும் தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்து ஆராய்ந்தார்கள்.

மறைமுக விளைவுகள்

பாதுகாப்பு கூடியதாக உணர்பவர் அந்தக் கூடுதலைத் துணிச்சலாக மாற்றிச் செலவிட்டுவிடுவார் என்பது இடர் ஈடுசெய்தல் என்னும் கொள்கை. கவசம் அணிந்தவர் வேகமாக ஓட்டுவாரா, அவரைக் காணும் கார் ஓட்டுநர் நெருங்கிச் செல்வாரா என்ற இரு கேள்விகள் இதிலிருந்து எழுகின்றன. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் இயன் வாக்கர், தாமே மிதிவண்டி ஓட்டி, தம்மை முந்திச் சென்ற 2,300-க்கும் மேற்பட்ட வாகனங்களின் இடைவெளியை உணர்கருவியால் அளந்து, கவசம் அணிந்தபோது அவை சராசரியாகச் சுமார் 8.5 சென்டிமீட்டர் நெருங்கிச் சென்றதாக 2007-இல் அறிவித்தார். அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்த ஒலிவியரும் ஸ்காட் வால்டரும், ஆபத்தான அளவு நெருக்கத்தில் கவசத்தால் வேறுபாடு இல்லை என்றார்கள். ஓட்டுபவரின் துணிச்சலைப் பொறுத்தவரை, 23 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளிவந்த மதிப்பாய்வில், 18 ஆய்வுகள் இக்கொள்கைக்குச் சான்று காணவில்லை. ஆகவே கவசம் மனிதரை அசட்டுத் துணிச்சலுக்குத் தள்ளிவிடும் என்ற அச்சம் பெரும்பாலும் ஆதாரமற்றது.

ஓட்டுவோர் குறைந்துவிடுவார்களோ என்ற அச்சத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. பல நாடுகளின் தரவுகளை ஆராய்ந்த பீட்டர் ஜேகப்சன் 2003-இல், ஓரிடத்தில் மிதிவண்டி ஓட்டுவோர் இரு மடங்கானால் மோதல்கள் இரு மடங்காகாமல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே கூடுகின்றன என்றும், அதனால் ஒவ்வொருவருக்கும் உரிய ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்றும் காட்டினார். எண்ணிக்கை தரும் பாதுகாப்பு எனப்படும் இவ்விளைவு எதிர்த்திசையிலும் செயல்படக்கூடும். உடலுழைப்பால் வரும் நலமும் இதில் சேரும்: குறுகிய பயணங்களுக்குக் காரை விட்டு மிதிவண்டிக்கு மாறும் டச்சு மக்களைப் பற்றிய 2010-ஆம் ஆண்டு மதிப்பீடு, உடற்பயிற்சியால் கூடும் ஆயுள் 3 முதல் 14 மாதங்கள் என்றும், விபத்தால் குறையும் ஆயுள் 5 முதல் 9 நாட்கள் மட்டுமே என்றும் கணக்கிட்டது. சட்டத்துக்கு அஞ்சி மக்கள் மிதிவண்டியைக் கைவிட்டால், காக்கப்படும் தலைகளைவிடத் தளரும் இதயங்கள் மிகுதியாகிவிடலாம் என்பது இதன் பொருள்.

பொது வாடகை மிதிவண்டித் திட்டங்களில் இந்த முரண் வெளிப்படையாகத் தெரிந்தது. நினைத்த இடத்தில் எடுத்து நினைத்த இடத்தில் விடும் வண்டிக்குக் கவசத்தைக் கையோடு சுமந்து வருவோர் அரிது. மெக்சிகோ நகரம் 2010-இல் தன் திட்டத்தைத் தொடங்குமுன் கவசக் கட்டாயத்தை நீக்கியது. அதே ஆண்டு தொடங்கிய மெல்போர்ன் நகரத் திட்டம் கட்டாயத்தோடு போராடி 2019-இல் மூடப்பட்டபோது, அதன் தோல்விக்குக் கூறப்பட்ட காரணங்களுள் கவச விதியும் ஒன்று. சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் மாவட்டம், கருப்பினத்தவருக்கும் வீடற்றவர்களுக்கும் மிகையாக அபராதம் விதிக்கப்பட்டது தெரியவந்தபின், 2022-இல் தன் விதியை விலக்கிக்கொண்டது; புகழ்பெற்ற 1989 ஆய்வு பிறந்த ஊரும் அதுவே.

கட்டாயமின்றிப் பரவிய கவசம்

அன்றாட ஓட்டுநர்கள் கவசத்தைப் பெரும்பாலும் அணியாமலேயே, உலகில் மிகப் பாதுகாப்பாக மிதிவண்டி ஓட்டும் நாடுகளுள் ஒன்றாக நெதர்லாந்து விளங்குகிறது என்பது சட்ட எதிர்ப்பாளர்களின் வலுவான வாதம். 1971-இல் அங்கே சாலைகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்; அவர்களுள் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மக்கள் கிளர்ந்தெழுந்து கேட்டதும் அரசு படிப்படியாகச் செய்ததும் கார்ப் பாதையிலிருந்து பிரிக்கப்பட்ட மிதிவண்டிப் பாதைகளும் வேகக் கட்டுப்பாடுகளும் ஆகும். மோதலே நிகழாமல் தடுப்பது, மோதலில் உடையாமல் காப்பதைவிட மேல் என்பதற்கு அந்நாடு சான்று.

எனினும் அந்தச் சான்றுக்கும் எல்லை உண்டு. நெதர்லாந்தில் கடுமையாகக் காயமுறும் மிதிவண்டி ஓட்டுநர்களுள் பெரும்பாலோர் இன்று எந்த மோட்டார் வாகனத்தோடும் மோதாமல் தாமே தடுமாறி விழுபவர்கள். மின்மிதிவண்டி ஓட்டும் முதியவர்கள் அவர்களுள் கணிசமானோர். கவசம் எந்த வகை விழுகைக்காக வடிவமைக்கப்பட்டதோ, அதே வகை இது. ஆகவேதான் அங்குள்ள மருத்துவர்களும், அவர்களைத் தொடர்ந்து அரசும், தன்விருப்பமாகக் கவசம் அணிவதை ஊக்குவிக்கத் தொடங்கியுள்ளார்கள். மணிக்கு 45 கிலோமீட்டர் வரை செல்லும் அதிவேக மின்மிதிவண்டிகளுக்கு 2017 முதல் கவசம் கட்டாயம். டென்மார்க்கில் பொதுச் சட்டம் ஏதுமின்றி, பள்ளிகளிலும் ஊடகங்களிலும் செய்த பரப்புரையால் மட்டுமே, 2004-இல் நகரங்களில் நூற்றுக்கு 6 பேராக இருந்த கவசம் அணிவோர் 2020-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ பாதிப்பேராகப் பெருகினர்.

பந்தய உலகம் மட்டும் கட்டாயத்தால்தான் மாறியது. 1991-இல் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கவச விதியை எதிர்த்து வீரர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். 1995-இல் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தின் மலைச்சரிவில் ஃபாபியோ காசர்ட்டெல்லி இறந்தபோதும் விதி வரவில்லை. 2003 மார்ச்சில் அதே பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் ஆந்திரேய் கிவிலேவ் இறந்த பிறகே சர்வதேச மிதிவண்டிப் பந்தயக் கூட்டமைப்பு கவசத்தைக் கட்டாயமாக்கியது. வேகமும் நெருக்கமும் மிகுந்து, விதியால் பங்கேற்போர் குறையும் அச்சமும் இல்லாத களத்தில் கட்டாயத்துக்கு எதிரான வாதங்கள் நிற்பதில்லை.

இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு கோரும் தலைக்கவசம் மோட்டார் இருசக்கர வாகனங்களுக்கே உரியது. மிதிவண்டி அதில் அடங்காது. விலையில்லா மிதிவண்டியில் மேல்நிலைப் பள்ளிக்குச் செல்லும் தமிழகத்து மாணவிக்கும், விடியற்காலையில் பால் ஊற்றச் செல்லும் தொழிலாளிக்கும் வரும் பெரிய ஆபத்து, பேருந்தும் லாரியும் அவர்களோடு ஒரே தடத்தில் ஓடுவதே. அத்தகைய சாலையில் கவசத்துக்கு அபராதம் விதிப்பது, பாதை அமைத்துத் தர வேண்டியவரின் கடமையை ஓட்டுபவரின் தலையில் சுமத்துவதாகும்.

எஞ்சும் விடை

இதுவரை கண்டவற்றிலிருந்து சில முடிவுகள் திரண்டு நிற்கின்றன. விழுந்தால் கவசம் காக்கும். முழுமையாக அன்று, ஆனால் பாதிக்குப் பாதி என்ற அளவில். ஆகவே குழந்தைகள், முதியவர்கள், புதிதாகப் பழகுவோர், மின்மிதிவண்டியிலோ பந்தய வேகத்திலோ செல்வோர், மோட்டார் வாகனங்களோடு சாலையைப் பகிர்வோர் ஆகிய அனைவரும் அணிவதே அறிவுடைமை. மற்றவர்களுக்கும் அதனால் இழப்பு சிறிது, பயன் பெரிது. அணிகிறவர் சரியாக அணிய வேண்டும்: கவசத்தின் முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரற்கடை உயரத்தில் இருக்க வேண்டும், வார்கள் காதுக்குக் கீழே ஒன்றுகூடி, தாடையடியில் விரல் நுழையும் அளவுக்கு மட்டுமே தளர்ந்திருக்க வேண்டும். ஏறி விளையாடும் இடங்களில் வார் சிக்கிக் கழுத்து இறுகக்கூடும் என்பதால், மிதிவண்டியை விட்டு இறங்கிய குழந்தை கவசத்தைக் கழற்றிவிட வேண்டும்.

எல்லோருக்குமான கட்டாயச் சட்டத்தைப் பொறுத்தவரை, அதன் பயன் அதைக் கொண்டுவந்தோர் எதிர்பார்த்ததைவிடச் சிறிது. அதன் பக்கவிளைவுகள் ஊருக்கு ஊர் வேறுபடுபவை. சாலையைப் பிரித்து அமைப்பதும் வாகன வேகத்தைக் குறைப்பதும், கவசம் அணிந்தவர், அணியாதவர், நடந்து செல்பவர் என எல்லோரையும் ஒருசேரக் காக்கின்றன. எனவே மிதிவண்டியில் ஏறும் ஒவ்வொருவரும் தமக்கே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விக்கு விடை, அணிக என்பது. அரசு தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விக்கு விடை, முதலில் பாதையை அமைத்துக் கொடு என்பது.